வெல்டா பார்த்த கச்சேரி

டெல்மர் காம்ப்ஸ் தன் மனைவியை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. லாரல் ஓடைப் பக்கம் அதைச் சொல்லித்தான் அவனைப் புகழ்வார்கள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான். தன் தங்கை ஜூனிக்குப் பித்தப்பை எடுத்தபோது மனைவி வெல்டா லெக்சிங்டன் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் துணைக்கு இருந்துவிட்டு வந்தாள். அதற்காகப் பத்தொன்பது நாள் அவன் வாய் திறக்கவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவான், எடுத்தால் விட்டுவிடுவான், டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பான். இருபதாம் நாள் காலையில், "வண்டிக்கு ஆயில் மாத்தணும்" என்றான். வெல்டா அடுப்படிக்குள் போய், வருவது அழுகையா சிரிப்பா என்று தெரியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். அதற்கு முந்தின வருஷம் வரைக்கும் ஊர்த் தேவாலயச் சபையில் முதல் குரல் அவளுடையதுதான். ஹேஸர்ட் ரேடியோவில் வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு, காலை நிகழ்ச்சியில் வந்து பாடச் சொன்னார். அப்போதுதான் டெல்மருடன் நிச்சயம் ஆகியிருந்தது. "என் பொண்டாட்டி குரல ஊர்ல உள்ளவனெல்லாம் கேக்கணுமா?" என்றான் அவன். வெல்டா அதை ஆசையில் சொன்னதாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். ரேடியோக்காரருக்கு மரியாதையாக ஒரு பதில் எழுதிப் போட்டாள். அதோடு சரி.

பிறகு பாட்டு என்பது அவளுக்குக் கேட்பது மட்டும்தான். நாஷ்வில் நகரத்துக் கச்சேரி சனிக்கிழமைதோறும் ரேடியோவில் வரும். பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் கேட்பாள். ஒரு தடவை நேரில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். வீடு கட்ட வேண்டும், காசி போக வேண்டும் என்று நம்மவர்கள் சொல்வது போல, நடக்கும் என்று நம்பிச் சொன்னதில்லை.

டெல்மர் இருபத்தேழு வருஷம் சுரங்கத்துக்குள் நிலக்கரி வெட்டினான். மேலே வந்து படம் எடுத்துப் பார்த்தால் நெஞ்சில் பாதி கரி. ஐம்பத்தி மூன்று வயதில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. மூக்கில் குழாய், குழாயின் நீளம் ஐம்பது அடி. அவன் உலகமும் அந்த ஐம்பது அடிதான். மல்லாந்து படுக்க முடியாது, மூச்சு முட்டும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவான். அவள் பக்கத்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுப்பாள். குழாய் நழுவினால் மெஷின் கத்தும், எழுந்து மாட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் பார்த்த பள்ளிக்கூடச் சமையல் வேலையை விட்டுவிட்டு, ஒன்பது வருஷம் அந்த சோபாவில் கிடந்தாள்.

வெல்டாவின் அறுபதாவது பிறந்தநாள் நெருங்கியபோது, அவளை நாஷ்வில் கச்சேரிக்குக் கூட்டிப்போவது என்று மகள்கள் இருவரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்கள். மூத்தவள் ரொண்டா, பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. எதையும் பட்டியல் போட்டுச் செய்பவள். இளையவள் மிஸ்டிக்குப் பட்டியலும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

"நாலு பொம்பளைங்க, ஒரு கார், மூணு நாள்" என்றாள் மிஸ்டி. "வீட்டுப் பொண்ணுங்க மட்டும். ஆம்பள வாடையே கூடாது."

"நானும் வரேன்" என்றாள் ஜூனி. "ஆனா நீ ஓட்டினா நான் டிக்கியில படுத்துக்கறேன். சாவறப்ப ரோட்டப் பாத்துக்கிட்டுச் சாவ வேணாம்."

டெல்மரைப் பார்த்துக்கொள்ள அவன் அக்கா ஹேஸல் ஒத்துக்கொண்டாள். எழுபது வயது, விதவை, மலைக்கு அந்தப் பக்கம் வீடு. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். வெல்டாவோடு அவளுக்குச் சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை.

விஷயம் தெரிந்த அன்றே டெல்மர் பேச்சை நிறுத்திவிட்டான். பதினோரு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் வெல்டா மாத்திரைப் பெட்டியை நிரப்பினாள், பீன்ஸ் வேகவைத்தாள், சோளரொட்டி சுட்டு மூடி வைத்தாள். வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வந்துருவேன்" என்றாள். அவன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ கெளம்பும்மா" என்றாள் ஹேஸல். "பொறந்தன்னிலருந்து இவனுக்கு மூஞ்சி இப்படித்தான்."

காரில் நாலு பேருக்கும் ஒரே மாதிரி ரோஸ் நிற பனியன் கொடுத்தாள் மிஸ்டி. "காம்ப்ஸ் வீட்டுக் கன்னுக்குட்டிகள் கயித்த அறுத்தாச்சு" என்று நெஞ்சில் எழுதியிருந்தது. வெல்டா முதலில் மாட்டேன் என்றாள். டென்னசி எல்லை தாண்டியதும் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி ஓட்டலில் இரண்டு முறை வீட்டுக்குப் போன் செய்தாள். இரண்டு முறையும் ஹேஸல்தான் எடுத்தாள். "தலைய ஆட்டறான். வேணாமாம்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடி செய்தாள். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டெல்மரின் குரல்.

"ஹேஸல் பீன்ஸ சூடு பண்ணி தண்ணி ஊத்திட்டா. உப்பே இல்ல."

"உப்பு உனக்கு ஆகாது."

"ஆகாதுதான்" என்றான். கொஞ்சம் இருமினான். "சரி, வை."

வெல்டா போனை மார்போடு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். "பேசிட்டாருடி" என்றாள் ஜூனியிடம். "பன்னெண்டாம் நாளே பேசிட்டாரு." வந்ததிலிருந்து கூடவே இருந்த கனம் அப்போதுதான் இறங்கியது. மிஸ்டி கடையில் ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தபோது தடுக்கவில்லை. ஜூனி படம் எடுத்தாள். வெல்டா வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. படம் எடுக்கும்போது எப்போதும் வாயை மூடிக்கொள்பவள் அன்றைக்கு மறந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கே நாஷ்வில் பெரிய வீதி இரைந்துகொண்டிருந்தது. ஒரே கட்டடத்தில் மூன்று மாடி, மாடிக்கு ஒரு பாட்டுக்கோஷ்டி, மூன்றும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு தெருவில் விழுந்தன. கல்யாணம் ஆகப்போகும் பெண்கள் தோழிகளோடு கூட்டம் கூட்டமாகப் பெடல் வண்டியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டே கத்திக்கொண்டு போனார்கள்.

"இதுங்களுக்கெல்லாம் வீடு வாசல் இல்லையா?" என்றாள் ஜூனி.

"நமக்கு இருக்கறதுதான் தெரியுமே. எப்படா விட்டுட்டு ஓடலாம்னு இருக்கும்" என்றாள் வெல்டா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சுக்காகப் பின்னால் அவள் தன்னைத்தானே எத்தனையோ நாள் அறைந்துகொள்ளப் போகிறாள்.

காரக் கோழி வாங்க வரிசையில் நின்றபோது ரொண்டாவின் போன் அடித்தது. இரைச்சலில் கேட்கவில்லை என்று தெருவுக்குப் போனாள். அழைத்தது ஹேஸல். டெல்மர் குளியலறைக்குள் விழுந்துவிட்டான். கதவுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் உடம்பு கிடந்ததால் கதவு திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம். வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. வெல்டாவின் போனுக்கு ஏழு தடவை அடித்தும் எடுக்கவில்லையாம்.

வெல்டாவுக்கு இது தெரியாது. திரும்பி வந்த ரொண்டாவின் உதடு வெளுத்திருந்ததைப் பார்த்தாள். "காரம் தின்னவ நான், மூஞ்சி வெளுத்தது உனக்கா?" என்றாள்.

"தல வலிக்குது" என்றாள் ரொண்டா. "அம்மா, உன் போனக் குடு. சார்ஜ் எறங்கிருக்கும். என் பையில பேட்டரி இருக்கு, போடறேன்."

வெல்டா கொடுத்தாள்.

கழிவறையில் மகள்கள் இருவரும் பேசிக்கொண்டது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. மிஸ்டி சுவரோடு சரிந்து அழுதாளாம். "இப்பவே சொல்லு, ரொண்டா."

"சொல்லிட்டு? ஆறு மணி நேரம் கார்ல கதறிக்கிட்டே போவா. அப்பா இனி எங்கயும் போகப்போறதில்ல. கச்சேரி போயிரும். மறுபடியும் ஒரு தடவ இவ வருவான்னு நெனக்கிறியா? அவருக்காகவே எல்லாத்தையும் விட்டா. இன்னிக்கு மூணு மணியிலருந்து அஞ்சு மணி வரைக்கும் ரெண்டு மணி நேரம் கேக்கறேன் அவளுக்கு."

"அத்தைகிட்ட என்ன சொன்ன?"

"அம்மாகிட்ட சொல்லிட்டேன், கெளம்பறோம்னு சொன்னேன்."

"சித்திக்கு?"

"சித்திக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். மூஞ்சியக் கழுவிட்டு வா."

வெல்டா அதற்குள் இரண்டு துண்டு கோழியும், மேலே ஒரு ஐஸ்கிரீமும் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

பழைய மண்டபம், தேய்ந்த மரப் பெஞ்சுகள். வெல்டாவுக்கு நடுவரிசை. முதலில் வந்த இளவட்டங்கள் தெருவில் கேட்ட மாதிரியே இரைந்தார்கள். அவள் பொறுத்துக்கொண்டாள். கடைசிக்குச் சற்று முன்னால் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு வயதான அம்மாள் கிதாரோடு தனியாக வந்து நின்று, எல்லோரும் கொஞ்சம் வாயை மூடுங்கள் என்றாள். சபையில் வெல்டா சின்னப் பெண்ணாகப் பாடிய பாட்டு ஒன்றை எடுத்தாள். வெல்டா தன்னையறியாமல் இரண்டாம் குரலில் சேர்ந்துகொண்டாள். மெதுவாகத்தான். ஆனாலும் முன்பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்திலிருந்த, எந்த ஊரோ தெரியாத பெண் அவள் முழங்கையைத் தொட்டு, "நீங்க மேடையில இருக்கணும்" என்றாள். வெல்டாவின் முகம் சிவந்துவிட்டது. பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினாள். ரொண்டா மட்டும் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கும்மா."

அந்தப் பக்கம் ஜூனி, அன்று காலையில் எடுத்த தொப்பிப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "நாற்பது வருஷக் கனவு! என் அக்கா கச்சேரியில்!" என்று எழுதினாள். போட்ட நேரம் நாலு மணி நாற்பது நிமிஷம் என்று அதிலேயே இருந்தது.

கார் நிறுத்துமிடத்தின் நாலாவது மாடியில், பச்சைப் பாவாடை அம்மாளைப் பற்றி வெல்டா பேசிக்கொண்டே வந்தாள். ரொண்டா சாவியைப் போடாமல் நின்றாள்.

"அம்மா. அப்பா போயிட்டாரு."

வெல்டா எங்கே என்பது போலப் பார்த்தாள். பிறகு புரிந்தது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போ?"

"பதினொன்னே முக்காலுக்கு."

"நம்ம ஊரு மணியா, இங்கத்து மணியா?"

"இங்கத்து மணி. ஊர்ல பன்னெண்டே முக்கால்."

அவள் உதடு அசைந்தது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி, ஐஸ்கிரீம், வரிசை, கச்சேரி. ஜூனிதான் முதலில் கத்தினாள். "பாவிப் பொண்ணே, அஞ்சு மணி நேரமாத் தெரிஞ்சுக்கிட்டா கூட உக்காந்திருந்த?" வெல்டா கத்தவில்லை. "என் போனக் குடு" என்றாள்.

ஹேஸலின் ஏழு அழைப்புகள். பக்கத்து வீட்டுக்காரர்களின் அனுதாபங்கள். ஒரு மணி பத்து நிமிஷத்துக்குச் சபைப் போதகர் எழுதியிருந்தார்: "வழியில் இருப்பீர்கள். பார்த்து ஓட்டி வாருங்கள். கர்த்தர் உங்களோடு." வெல்டா அதை இரண்டு தடவை படித்தாள். முதல் பெட்ரோல் பங்கில் கழிவறைக்குப் போய் ரோஸ் பனியனைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, ஜூனியின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சபை மண்டபத்தில் உடலை வைத்தார்கள். மூக்கில் குழாய் இல்லாத டெல்மரின் முகத்தை ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வெல்டா பார்த்தாள். கன்னத்தில் குழாய் பதிந்த கோடு மட்டும் போகவில்லை. சனங்கள் வரிசையாக வந்தார்கள். கையைத் தொட்டார்கள். கண்ணைப் பார்க்கவில்லை. படத்தை ஊரே பார்த்திருந்தது. ஜூனி விடிந்ததும் எடுத்துவிட்டாள், ஆனால் எடுத்து என்ன?

ஹேஸல் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய வலது தோளில் குளியலறைக் கதவில் மோதிய கன்றல் கழுத்துவரை கறுத்திருந்தது.

"கச்சேரி நல்லாருந்துச்சா, வெல்டா?" என்றாள். "என் தம்பி கண்ண நான் மூடினேன். வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்லிட்டு நீ அங்க பல்லக் காட்டிக்கிட்டு இருந்த. நான் மத்தியானத்திலருந்து வாசல்ல நின்னு உங்க கார எதிர்பார்த்தேன்."

ரொண்டா ஒரு அடி முன்னால் வந்தாள். "அத்தை, அது அம்மா இல்ல..."

வெல்டா மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

"ஆமா, ஹேஸல்" என்றாள். "பாட்டு முடியட்டும்னுதான் இருந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று ஜூனி அன்றே சமையலறையில் வைத்துக் கேட்டாள். ரொண்டாவுக்கு இந்த ஊரில் இன்னும் முப்பது வருஷம் பிழைப்பு இருக்கிறது, அப்பன் சாவை மறைத்தவள் என்ற பேரோடு எப்படி இருப்பாள் என்றாள் வெல்டா. எனக்கு அறுபது, எனக்கு ஆகப்போவது என்ன என்றாள். அது உண்மைதான். சொல்லாத ஒன்றும் இருந்தது. மத்தியானமே ரொண்டா சொல்லியிருந்தால் உடனே கிளம்பியிருப்பேன் என்று அவள் மனசு சொன்னது. சொன்ன மாத்திரத்தில், கிளம்பியிருப்பாயா என்று இன்னொன்று கேட்டது. கிளம்பியிருப்பாள். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே எழுந்ததே, அதற்கு ஏதாவது கொடுத்துத் தீர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"யார்கிட்டயாவது வாயத் தெறந்தே, நீ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றாள் ஜூனியிடம்.

துக்கத்துக்கு வரும் சாப்பாடு ஒரு வாரத்தில் நின்றது. சபையில் அவளுடைய பெஞ்சு நீளமாகிக்கொண்டே போயிற்று. யாரும் எழுந்துபோகச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான். பழைய பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் தேவை என்று கேட்டுப் போனாள், இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அடுத்த மாதம் அதே விளம்பரம் மறுபடி தொங்கியது. காம்ப்ஸ் வீட்டுக் கல்லறை ஹேஸலின் நிலத்தில் மலை மேலே இருந்தது. மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைத்துவிட்டு எல்லோரும் மரத்தடியில் சேர்ந்து சாப்பிடுவார்கள். வெல்டா உருளைக்கிழங்குக் கலவை செய்து எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரத்தை மேஜையில் வைக்க இடம் விட்டார்கள். மாலை வரை அதிலிருந்து ஒரு கரண்டி கூட யாரும் எடுக்கவில்லை. டெல்மரின் கல்லில் அவள் பேரும் பிறந்த வருஷமும் முன்கூட்டியே வெட்டியிருந்தன. அந்தப் பக்கத்துக்கு அவளே பூ வைக்க வேண்டியிருந்தது, வெறுமையாக விட்டால் நன்றாக இருக்காது என்று.

மகளைக் காப்பாற்றினாள், மன்னிக்கவில்லை. ரொண்டாவின் காரில் மறுபடி ஏறவே இல்லை. மழையில் சபைக்கு நடந்து போவாள், ரொண்டா வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்குவாள், "நடக்கறது ஒடம்புக்கு நல்லது" என்பாள் வெல்டா. மிஸ்டி லெக்சிங்டனுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். பேசத் தொடங்கினால் குடித்திருக்கிறாளா இல்லையா என்பது இரண்டாவது வார்த்தையில் தெரியும்.

மூன்றாம் வருஷம் அக்டோபரில் ஒரு காலை, வெல்டா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஹேஸல் கம்பு ஊன்றி முற்றத்தில் வந்து நின்றாள். மலையைச் சுற்றி நடந்தே வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"ரொண்டா நேத்து வந்தா" என்றாள். "எல்லாம் சொன்னா. ஏன் நீ சொல்லல?"

"சொல்லியிருந்தா அவள விட்டிருப்பியா?"

ஹேஸல் யோசித்தாள். "மாட்டேன்."

"அதான்."

வெல்டா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். ஹேஸல் உட்கார்ந்தாள். மன்னிப்பு கேட்கவில்லை, வெல்டாவும் எதிர்பார்க்கவில்லை. ஈரத்துணி இன்னும் பாதி கூடையில் இருந்தது. மூன்று வருஷமாகக் கேட்க ஆள் இல்லாத ஒன்றை வெல்டா கேட்டாள்.

"உள்ள விழுந்து கெடந்தப்ப, என்னக் கூப்பிட்டாரா?"

ஹேஸல் பொய் சொல்லத் தெரியாதவள். "கூப்பிட்டான்" என்றாள். "மூணு தடவ. வெல்டா இல்லடா, நான்தான் இருக்கேன்னு கதவுக்கு இந்தப் பக்கத்திலருந்து கத்தினேன். அதுக்கப்புறம் கூப்பிடல."

வெல்டா ஒரு தலையணை உறையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. ஹேஸல் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹேஸல் வந்து வெல்டாவின் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊர் அதைப் பார்த்தது. இப்போது பேச்சு ரொண்டா பக்கம் திரும்பியது. பல் டாக்டர் வீட்டு வரவேற்பில் அவள் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிலர் பதில் சொல்லாமல் எழுந்து போனார்கள். எது நடக்கக் கூடாது என்று வெல்டா மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டாளோ, அதுவே நடந்தது. "உன்ன யாருடி சொல்லச் சொன்னா?" என்று வெல்டா கேட்டாள். "என்னால முடியலம்மா" என்றாள் ரொண்டா.

இப்போது வெல்டாவுக்கு அறுபத்தேழு. புதன்கிழமைகளில் ரொண்டா வந்து புல் வெட்டுகிறாள். முடிந்ததும் சமையலறைக் கதவைத் திறந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்ட தேநீரை வெல்டா நீட்டுவாள். ரொண்டா படிக்கட்டில் நின்றபடியே குடிப்பாள். மழை வருமா, ஓடையில் தண்ணீர் ஏறுகிறதா என்று இருவரும் பேசுவார்கள். அதற்கு மேல் இருவரும் போவதில்லை.